முடிக்காத புகார்

"ஒரு வீட்டுக்கு வாசல் ஒண்ணு. உள்ள ஆளு அஞ்சு. வெளியில இருந்து ஒரு பதில் வருது, மேல வீட்டு நம்பர் மட்டும்தான் இருக்கு. அது அஞ்சு பேர்ல யாருக்குன்னு யாரு சொல்லுவா?"

வேலை கேட்டுப் போன அன்று கேபிள் ஆபீஸ் ஆத்திராஜ் அண்ணாச்சி ஜெசிந்தாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் பட்டயம் வாங்கியவர்கள். ஒருவன் கம்பெனி சொல்லும் என்றான். இன்னொருவன் அந்த வீட்டுப் பெரியவர் சொல்லுவார் என்றான். ஜெசிந்தா பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தரையைப் பார்த்துக்கொண்டே, "பெட்டி சொல்லும்" என்றாள்.

"எப்படிச் சொல்லும்?"

"யாரு எப்பக் கேட்டாங்கன்னு அது உள்ள எழுதி வச்சிருக்கும். பதில் வந்தா குறிப்பைப் பாத்து, கேட்டவங்க கையில கொடுத்திரும்."

"யாருமே கேக்காம ஒண்ணு வந்தா?"

"வாசல்லயே கீழ போட்டுரும்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலையில வந்திரு தாயி" என்றார்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. தூத்துக்குடியில் கடல் ஏறி வந்த பிறகு கட்டிய மேட்டுத்தெருவில் இப்போது ஜெசிந்தாவின் கை படாத பெட்டி இல்லை. பெட்டி என்றால் மோடமும் ரவுட்டரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டி. மோடம் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. தெரு முழுக்க ஒரே கேபிளில் ஓடிவரும் இரைச்சலில் தன் வீட்டுக்கு உள்ளதை மட்டும் பிடித்துக்கொள்ளும். ரவுட்டர் வீட்டுக்குள்ளே இருக்கிற ஆள். ஒவ்வொருவர் கருவிக்கும் ஓர் எண் கொடுத்து, வந்ததை அவரவரிடம் சேர்க்கும். அவ்வளவுதான் வேலை. அதை வைத்து ஒரு சட்டம் போடலாம் என்று ஒரு காலத்தில் யாரும் நினைத்ததில்லை.

பொய்க்குரல் வருஷங்கள் வந்த பிறகுதான் நினைத்தார்கள். மகன் குரலில் தகப்பனுக்குப் பேச்சு வந்தது, பேசியது மகனில்லை. டாக்டர் முகத்தோடு யாரோ வந்து மருந்தை மாற்றச் சொன்னார்கள், அது டாக்டரில்லை. எது மனிதன், எது எந்திரம் என்று சொல்ல முடியாமல் ஊரே பயந்து கிடந்தது. ஆனால் சுவரில் ஆணியடித்து, பூமிக்கடியில் போகும் கேபிளோடு கட்டிப்போட்ட பெட்டியை யாராலும் போலி செய்ய முடியவில்லை. ஆகவே இனி வெளியுலகம் தனி ஆளை நம்பாது, வீட்டை மட்டும் நம்பும் என்று வீட்டுப் பொறுப்புச் சட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு முகவரி. அதற்கு ஒரு பொறுப்பாளர். வீட்டில் இருப்பவர்களுக்குப் பெட்டி கொடுக்கும் எண் ஏழு நாள் உயிரோடு இருக்கும். பொறுப்பாளர் கட்டைவிரலை வைத்தால் இன்னும் ஏழு நாள். வேண்டாமென்றால் நடுவிலேயே அறுத்துவிடவும் அவரால் முடியும். பஸ் ஏற, கடையில் வாங்க, ஆஸ்பத்திரியில் பெயர் சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டும்.

சட்டம் வந்தபோது ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்டார்கள். பெண்களும்தான்.

மேட்டுத்தெருவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டார் எல்லாரும் பெட்டி முன்னால் வரிசையில் நிற்பார்கள். பொறுப்பாளர் விரல் வைப்பார். எண் வாங்கியவர்கள் கறிக்குழம்பு சாப்பிடப் போவார்கள். சில வீடுகளில் யாருக்காவது விரல் வைக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. மறந்துவிட்டேன் என்பார்கள். அந்த வாரம் அந்த ஆள் வெளியே போனாலும் எந்தக் கதவும் அவரைக் கண்டுகொள்ளாது.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டரை மணிக்குப் பதினேழாம் நம்பர் வீட்டிலிருந்து கம்ப்ளெய்ன்ட் வந்தது. வைஃபை திக்குகிறது என்று எழுதியிருந்தது.

வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் மிராந்தா. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கயிறு இழுத்து இழுத்துக் கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்து போயிருந்தது. ஜெசிந்தாவைக் கண்டதும் ஃபேனைப் போட்டார்.

"வா மக்ளே. வெயில்ல வந்திருக்க. மெட்டில்டா, பிள்ளைக்குக் குடிக்க ஏதாவது கொண்டா."

அவர் மனைவி மெட்டில்டா சர்பத்தோடு தட்டு நிறைய மக்ரூனும் கொண்டுவந்து வைத்தாள். ஜெசிந்தா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கையேடு என்று லைன்காரர்கள் சொல்லும் கைக்கருவியில் கம்ப்ளெய்ன்டைத் திறந்தாள். கம்ப்ளெய்ன்டைத் திறந்ததும் பெட்டி பொறுப்பாளர் கையை விட்டு பழுது பார்க்கும் லைன்காரர் கைக்கு வந்துவிடும். வேலை நடக்கும்போது வீட்டுக்காரர்கள் எதையாவது தட்டிவிட்டுக் கம்பெனி மேல் பழி போட்டதால் கேபிள்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போராடி வாங்கிய விதி அது. வேலை முடிந்து, சரியாகிவிட்டது என்று பொறுப்பாளர் கையேட்டில் விரல் வைத்தால்தான் பெட்டி மறுபடி அவர் சொல்வதைக் கேட்கும்.

"என்ன கோளாறுன்னு எனக்கே தெரியும்" என்றார் ரெமிஜியுஸ். "ஒரு பழைய கருவி கிடந்து சும்மா சும்மா நம்பர் கேட்டுக்கிட்டே இருக்கு. அதோட பேரை எழுதி, இனிமே அது கேட்டாக் காதுல வாங்காதேன்னு பெட்டியில போட்டுரு. அஞ்சு நிமிஷ வேலை."

ஜெசிந்தா பட்டியலைப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். வைஃபை என்பது காற்றில் பேசுவது. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு கருவி நொடிக்கு நாற்பது தடவை ஒரே சொல்லைக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஓர் எண் கொடுங்கள். பெட்டி ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்பது நாளாக இதுவே நடந்திருந்தது.

எண் உள்ளவர்கள் மூன்று பேர். ரெமிஜியுஸ். மெட்டில்டா. மூன்றாவதாக கிளின்டன் என்ற பெயர். அந்தக் கருவி கடைசியாகப் பேசி இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் எண் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

"இந்தக் கிளின்டன் யாரு சார்?"

ரெமிஜியுஸ் சுவரைப் பார்த்தார். மாலை போடாத ஒரு போட்டோ. வெள்ளைச் சட்டையில் ஒரு இளைஞன்.

"மூத்தவன். சரக்குக் கப்பல்ல போனான். கப்பல் திரும்பி வந்துச்சு."

ஜெசிந்தா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆபீஸில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். பெட்டியைப் பார், மனுஷரைப் பார்க்காதே. ஆறு வருஷத்தில் அவள் எத்தனையோ வீட்டுப் பட்டியல்களைப் பார்த்திருக்கிறாள். யாருடைய எண் எந்த வாரம் அறுந்தது, யார் எதைக் கேட்டார்கள் எல்லாம் பெட்டியில் இருக்கும். வாயைத் திறந்ததில்லை. கூச்சம் ஒரு பக்கம். வேலை ஒரு பக்கம்.

"கருவி எங்க இருக்குன்னு பாத்திட்டுத்தான் சார் அடைக்கணும். விதி" என்று சிக்னல் மானியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அடுப்படிப் பக்கம் முள் இறங்கியது. மாடிப்படியில் ஏறியது. மேலே ஒரு அறை. கதவு அகலத் திறந்து கிடந்தது.

உள்ளே பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு, சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். கைப்பேசி ஜன்னலோரம் சாத்தி வைத்திருந்தது. திரை சாம்பல் நிறம்.

"அடைக்க வந்திருக்கியளா யக்கா?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"இந்தக் கருவி உன்னோடதா?"

"கருவி என்னோடதுதான். நான் யாரோடதுன்னு கீழ கேளுங்க."

அவள் பெயர் டெல்மா. ரெமிஜியுஸின் மகள். பேச்சில் உப்பும் காரமும் இருந்தது. கதவு பூட்டவே இல்லை என்று அவளே சொன்னாள்.

"எங்க அப்பா நல்லவர். அடிக்க மாட்டார், வைய மாட்டார். எங்கன வேணும்னாலும் போயிட்டு வான்னு சொல்லுதார். போனேனே. பஸ்ஸு ஏத்தல. லைப்ரரிக் கதவு திறக்கல. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, யாரும்மா நீன்னு கேக்காவ. தெப்பக்குளம் வரை நடந்து போயிட்டு நடந்து வந்தேன். அதுக்கு மட்டும் நம்பர் கேக்கல."

"வேற வீட்டுக்கு மாறிக்கலாமே?"

"பழைய வீடு விட்டாத்தான புது வீடு சேக்கும்."

"எதுக்கு நொடிக்கு நாப்பது தடவை?"

"சும்மா விட்டா நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேக்கும். யாருக்கும் கேக்காது. நான்தான் மாத்தி வச்சேன். அப்பா தாத்தா காலத்துச் சிலுவைப் பாதைப் பாட்டுக் கேக்க உக்காருவாருல்லா, அப்பப் பாட்டு திக்கணும். திக்குதா?"

"திக்குது."

"நல்லாத் திக்கட்டும்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கையேட்டில் பெட்டியின் குறிப்பை மேலும் கீழுமாகத் தள்ளினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கொச்சியில் உள்ள ஒரு கடற்பயிற்சிப் பள்ளியிலிருந்து இந்த வீட்டு முகவரிக்கு ஒரு பதில் வந்திருந்தது. ஒரு தடவையல்ல, பதினான்கு தடவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெட்டி ஒரே வரியை எழுதியிருந்தது. கேட்டவர் இல்லை, கீழே போடப்பட்டது. உள்ளே என்ன இருந்தது என்று பெட்டிக்குத் தெரியாது. உறை மேல் எழுதியிருப்பது மட்டும் குறிப்பில் இருக்கும். வகை: சேர்க்கை. மறுமொழிக்குக் கெடு: இன்று மாலை ஐந்து மணி.

பெட்டியைப் பார், மனுஷரைப் பார்க்காதே. ஜெசிந்தா இரண்டையும் பார்த்தாள். கயிற்று முடிச்சை ஒரே இழுப்பில் இறுக்கிய கைகளையும் பார்த்தாள்.

"கொச்சிக்கு ஏதாவது கேட்டு எழுதினியா?"

டெல்மாவின் கை நின்றது. "மாலுமிப் பயிற்சிக்கு. அதைச் சொன்ன ஞாயித்துக்கிழமைதான் அப்பா விரல் வைக்கல. பதிலும் வரல. எடுக்கலன்னு நினைச்சேன்."

"வந்திருக்கு."

"என்னது?"

"பதினாலு தடவை வந்திருக்கு. நீ கேட்ட குறிப்பு உன் நம்பரோட அழிஞ்சு போச்சு. யாருக்குன்னு தெரியாம பெட்டி கீழ போட்டுருச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நீ பதில் சொல்லலன்னா உன் இடத்தை வேற யாருக்காவது கொடுத்திருவாங்க."

டெல்மா கயிற்றைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"பொறுப்பாளர் இந்தக் குறிப்பைத் திறந்து பாத்திருக்கார். பதினாலு வரியையும்."

மணி மூன்றேகால். டெல்மா எழுந்து நின்றாள். "அனுதாபமெல்லாம் வேண்டாம் யக்கா. நம்பர் கொடுக்க முடியுமா, முடியாதா?"

அப்படி ஒரு கேள்வியை ஜெசிந்தாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. முடியும். கம்ப்ளெய்ன்ட் திறந்திருக்கும்போது லைன்காரர் பெட்டியில் எதையும் எழுதலாம். இந்தக் கருவிக்கு இந்த எண், என்றைக்கும், யார் விரலும் தேவையில்லை என்று ஒரே வரியில் எழுதலாம். ஆஸ்பத்திரிப் படுக்கை எந்திரங்களுக்கு அப்படித்தான் எழுதுவார்கள். மனிதர்களுக்கு எழுதினால் வேலை போகும்.

அவள் எழுதினாள்.

ஜன்னலோரக் கைப்பேசியில் நிறம் ஏறியது. டெல்மா அதைக் கையில் எடுக்கப் பயந்தவள் மாதிரி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பள்ளிக்கு முதல்ல நீ ஒரு வரி அனுப்பு. உள்ள இருந்து கேட்டாத்தான் வெளியில இருந்து வரும். அவங்க மறுபடி அனுப்புறதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா கீழே இறங்கினாள். செய்ததை ரெமிஜியுஸிடம் சொல்லாமலே விரல் வைக்கக் கையேட்டை நீட்டலாம். இந்தத் தெருவில் எவரும் எதையும் படித்துப் பார்த்து விரல் வைப்பதில்லை. ஆனால் விரல் வைத்த மறு நிமிஷம் பெட்டி அவர் கைக்குப் போய்விடும். ஐந்து மணிக்கு முன்னால் அவர் அந்த வரியை அழித்துவிட்டால் எல்லாம் வீண்.

"அடைச்சாச்சா மக்ளே?" என்றார் ரெமிஜியுஸ்.

"இல்ல சார். நம்பர் கொடுத்திட்டேன்."

அவர் காதில் விழாதவர் போல இருந்தார்.

"நிரந்தர நம்பர். அஞ்சு மணி வரைக்கும் கம்ப்ளெய்ன்டை முடிக்க மாட்டேன்."

ரெமிஜியுஸ் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. குரல் இன்னும் தாழ்ந்தது. "உனக்கு என்ன தெரியும்? ஒருத்தனைத் தண்ணிக்குக் கொடுத்திட்டு உக்காந்திருக்கேன். இவளையும் அனுப்பச் சொல்லுதியா?"

"நான் எதுவும் சொல்லல சார்."

"பெறவு?"

ஜெசிந்தாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. "பெட்டியில என்ன இருக்கோ அதைச் சொல்லுதேன். ரெண்டு வருஷமாப் பேசாத கருவிக்கு நம்பர் இருக்கு. நொடிக்கு நாப்பது தடவை கேக்கிற கருவிக்கு இல்ல. இதுதான் கோளாறு. நான் கோளாறைச் சரி பண்ணத்தான் வந்தேன்."

அடுப்படி வாசலில் மெட்டில்டா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ரெமிஜியுஸ் ஆபீஸுக்குப் போன் போட்டார்.

இரண்டு நிமிஷத்தில் ஜெசிந்தாவின் கைப்பேசி அடித்தது. ஆத்திராஜ் அண்ணாச்சி.

"ஏம்மா, பெட்டியைப் பாக்கப் போனியா, பஞ்சாயத்துப் பண்ணப் போனியா?"

"பெட்டியைப் பாக்கத்தான் அண்ணாச்சி."

"எழுதினதை அழிச்சிட்டு, மன்னிச்சிருங்கன்னு சொல்லி விரலை வாங்கிட்டு வா. அவர் ஒண்ணும் பெருசாச் சொல்லல. நல்ல மனுஷன்."

"அஞ்சு மணிக்கு முடிக்கேன்."

"இப்ப முடி. இல்லைன்னா வேற ஆளை அனுப்புவேன்."

"திறந்த ஆளுதான் அண்ணாச்சி முடிக்க முடியும். நீங்க எல்லாரும் சேந்து கேட்டு வாங்குன விதி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நீ தங்கியிருக்கது கம்பெனி விடுதி. அங்க பொறுப்பாளர் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"நீங்கதான்."

"இந்த மாதிரி நான் யாருக்கும் செஞ்சதில்ல தாயி. செய்ய வச்சிராத."

"செய்யணும்னா செய்யுங்க அண்ணாச்சி. நான் இங்கனதான் இருப்பேன்."

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. வேறு யாரோ பக்கத்தில் நின்று பேசுவது போல. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து கையேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பதுக்கு அவள் கைப்பேசி சாம்பல் நிறமானது. இனி விடுதிக் கதவு திறக்காது, பஸ் ஏற்றாது, சாப்பாட்டு மெஸ்ஸில் பேர் இருக்காது. கையேடு மட்டும் இந்த வீட்டுக் கேபிளில் ஓடிக்கொண்டிருந்ததால் உயிரோடு இருந்தது. அதில் பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ஒரு கருவி எண் கேட்கிறது. அது யாருடையது என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. எத்தனையோ வீடுகளில் இந்த வரியைப் பார்த்துவிட்டுக் கடந்து போனது நினைவுக்கு வந்தது. வரிசையாக, வீட்டு நம்பரோடு வந்தது.

மெட்டில்டா சோற்றுத் தட்டோடு வந்து முன்னால் வைத்தாள். சாளைக் குழம்பு.

"சாப்பிடு. உன் நம்பர் போச்சோ?"

"போச்சு ஆன்ட்டி."

"இந்தப் பெட்டி இப்ப உன் கையிலதான இருக்கு. உனக்கும் ஒண்ணு எழுதிக்க வேண்டியதுதான."

"நான் இந்த வீட்டு ஆள் இல்லையே."

"படியில உக்காந்திருக்க. என் வீட்டுச் சோத்தைத் திங்குத. இன்னும் என்ன வேணும்? எழுது." சொல்லிவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். ரெமிஜியுஸ் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மெட்டில்டா குரலைத் தாழ்த்தினாள். "எழுதும்போது எனக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுரு."

"உங்களுக்குத்தான் நம்பர் இருக்கே ஆன்ட்டி."

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை. போன வருஷம் அவியளுக்குக் காய்ச்சல், பூசைக்கும் போகல, விரலும் வைக்கல. அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க நான் கடைக்குப் போனா, நீங்க யாருன்னே தெரியலம்மான்னு சொல்லிட்டான். முப்பது வருஷமா வாங்குத கடை. வீட்டுக்கு வந்து, படுத்துக் கிடந்தவர் கையைத் தூக்கி நானே பெட்டியில வச்சேன். அன்னைக்கே நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

"சாப்பிடு, ஆறிப் போவும்."

ஜெசிந்தா இடக்கையால் இரண்டு வரி எழுதினாள். அவள் கைப்பேசியில் நிறம் திரும்பியது. வெளியுலகத்துக்கு இப்போது அவள் யார் என்று கேட்டால், மேட்டுத்தெரு பதினேழாம் நம்பர் வீடு. மெட்டில்டாவைக் கேட்டாலும் அதே பதில். டெல்மாவைக் கேட்டாலும் அதே.

நாலு நாற்பதுக்கு மேலேயிருந்து டெல்மா தடதடவென்று இறங்கி வந்தாள். ஹாலுக்குப் போய்த் தகப்பன் முன்னால் நின்றாள். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பதினஞ்சாவது தடவை அனுப்பிட்டாவ. வாறேன்னு சொல்லப் போறேன். உங்க முன்னாலயே சொல்லுதேன். ஒளிச்சு எதுவும் செய்யல."

"கிளின்டனும் இப்படித்தான் என் முன்னால நின்னு சொன்னான்" என்றார் ரெமிஜியுஸ்.

"அவனை நீங்க தடுக்கல."

"தடுத்திருக்கணும்."

"தடுத்திருந்தா அவன் மாடியில இருந்திருப்பான். என்னைய மாதிரி. அதுக்கு அவன் சம்மதிச்சிருப்பான்னு நினைக்கியளா?"

டெல்மா அவர் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் திரையைத் தொட்டாள். பெட்டியில் மோடம் தன் முறை கேட்டு, முறை கிடைத்ததும் அந்த ஒரு சொல்லைக் கேபிளில் தள்ளியது. தெருவின் மற்ற வீட்டுப் பேச்சுகளோடு சேர்ந்து அது போய்விட்டது. நாலு நாற்பத்து நாலு. கையேட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா மூச்சை விட்டாள்.

மறுமொழி வந்தபோது டெல்மா அதை உரக்க வாசித்தாள். "திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்காவ. வீட்டு முகவரியில் எண் நடப்பில் இருந்தால் மட்டும் சேர்க்கை உறுதி. அன்றைய தினம் காலையில் சரிபார்க்கப்படும்."

இதை ஜெசிந்தா எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணியோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் பெட்டி ரெமிஜியுஸ் கைக்குப் போனால் அவர் அழித்துவிடலாம்.

கடிகாரத்தில் ஐந்து. அவள் எழுந்து ஹாலுக்குப் போனாள். இன்னும் நாலு நாள் முடிக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லவும் தயாராக இருந்தாள். ஆனால் ஐந்து மணிக்கு முடிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவர் மூஞ்சிக்கு நேரே செய்ததை அவர் மூஞ்சிக்கு நேரேதான் முடிக்க வேண்டும் என்று பட்டது. கையேட்டை அவர் முன்னால் இருந்த மேசையில் வைத்தாள்.

"சார், என்ன எழுதியிருக்கேன்னு படிச்சுப் பாத்துக்கங்க. நிரந்தரம் மூணு பேர். டெல்மா. உங்க வீட்டுக்காரம்மா. நான்."

ரெமிஜியுஸ் மெட்டில்டாவைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. மெட்டில்டா தலையைக் குனியவில்லை. கை மட்டும் மேசைமேல் இருந்த மக்ரூன் தட்டைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தது.

"நீயுமா?" என்றார்.

"நானும்தான்."

"நான் விரலை வச்சா என்ன ஆவும்?" அவர் ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"பெட்டி உங்க கைக்கு வந்திரும். எழுதின மூணு வரியையும் அழிக்கலாம். நான் தெருவுல நிப்பேன். இவ மாடிக்குப் போவா."

"வைக்கலன்னா?"

"கம்ப்ளெய்ன்ட் அப்படியே கிடக்கும். நீங்க வைக்கிற வரைக்கும் பெட்டி என் பேர்ல இருக்கும். உங்க நம்பரையும் உங்க மகன் நம்பரையும் ஞாயித்துக்கிழமை நான் வந்து புதுப்பிச்சுத் தாரேன்."

மகன் நம்பர் என்றதும் அவர் முகத்தில் என்னவோ வந்து போனது. கையேட்டை அருகே இழுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து விரல் வைக்கிற வீட்டுக்காரரை ஆறு வருஷத்தில் ஜெசிந்தா இன்றுதான் பார்க்கிறாள். கட்டம் பளபளத்துக்கொண்டு விரலுக்குக் காத்திருந்தது. அவருடைய வளைந்த கட்டைவிரல் அதற்கு ஒரு அங்குலம் மேலே வந்து நின்றது.

டெல்மா கெஞ்சவில்லை. நேராக நின்றாள்.

விரல் அங்கேயே நின்றது. பிறகு ரெமிஜியுஸ் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கையேட்டை ஜெசிந்தா பக்கமாகத் தள்ளிவிட்டு, மூன்று பெண்களையும் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. காலாலேயே அதை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி, துறைமுகத்துப் பக்கமாக நடந்தார்.